கிளிப் போட்ட பற்களில் சொத்தை வராமல் காப்பது எப்படி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பல்லுக்குப் போட்ட கிளிப்பைக் கழற்றும் நாளைப் பிள்ளையும் பெற்றோரும் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நாள் வந்தபோது மகளின் பற்கள் எதிர்பார்த்தபடியே வரிசையாக நின்றன. ஆனால் மேல் முன்பற்கள் நான்கிலும், பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி, சுண்ணாம்பு தீட்டியதுபோல ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. சுவரில் வருடக்கணக்கில் தொங்கிய காலண்டரை எடுத்தால் அது மறைத்திருந்த சதுரம் மட்டும் பழைய நிறத்தோடு இருக்குமே, அதுபோல பிராக்கெட்டின் அடியிலிருந்த எனாமல் என்ற பல்லின் மேலோடு மட்டும் கெடாமல் இருக்க, சுற்றிலும் இருந்தது வெளுத்துப் போயிருந்தது. அவள் தினமும் இரண்டு வேளை பல் துலக்கியவள்தான். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டர் இடத்தில் பிரஷ் படுகிறதா என்று நாங்கள்தான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

இளையவனுக்குக் கிளிப் போட்டபோது அந்தத் தவறைத் திருத்திக்கொண்டோம். அப்போது கற்றுக்கொண்டவற்றையும், பல் மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துபவற்றையும் சேர்த்து, சிகிச்சைக்கு முன்பிருந்து கிளிப்பைக் கழற்றிய பிறகு வரை வரிசையாக இங்கே எழுதியிருக்கிறேன். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் பிள்ளையின் வாயை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், சொத்தை எப்படி உருவாகிறது

கிளிப் சொத்தையை உண்டாக்குவதில்லை. சொத்தையை உண்டாக்கும் படலத்துக்கு ஒதுங்க இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பல்லின் மேல் எந்நேரமும் படிந்துகொண்டிருக்கும் அந்த வழவழப்பான படலத்தில் பலவகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் சொத்தையோடு மிகவும் தொடர்புடையதான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதை 1924இல் கிளார்க் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இனங்கண்டார். நாம் உண்ணும் சர்க்கரையை இவை அமிலமாக மாற்றுகின்றன. படலத்தின் பிஎச் அளவு (அமிலம் கூடக்கூட இறங்கும் எண்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. பிறகு எச்சில் அந்த அமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து, கரைந்துபோன தாதுக்களில் ஒரு பகுதியை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இந்த இழப்பும் சேர்ப்பும் நாள் முழுவதும் மாறி மாறி நடக்கும் வரவுசெலவு. செலவு தொடர்ந்து மிஞ்சினால்தான் அது சொத்தையில் முடிகிறது.

1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் பிஎச் எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார். சில நிமிடங்களிலேயே அது சட்டென்று இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆனது. இந்த அளவீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது இதுதான் நமக்கு அளவுகோல்.

சாதாரணமான பல்லில் நாக்கும் கன்னமும் உதடும் எச்சிலும் ஓரளவுக்குத் தாமாகவே படலத்தைத் தேய்த்துக் கழுவிவிடுகின்றன. பிராக்கெட்டும் கம்பியும் அதைக் கட்டிப் பிடிக்கும் சின்ன ரப்பர் வளையமும் வந்தபின் அந்த இயற்கையான சுத்தம் தடைபடுகிறது. எச்சிலின் பாதுகாப்பும் எல்லாப் பற்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறப்பதால் அங்கே காரை கட்டும், சொத்தை அரிதாகவே வரும். மேல் முன்பற்களின் வெளிப்புறத்துக்கோ எச்சில் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அதிலும் நடுவிலுள்ள இரண்டு பெரிய பற்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய வெட்டுப்பற்களில் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. தாது கரைந்து எனாமல் வெளுத்த வெண்புள்ளிகள் அதிகமாக வரும் இடங்களில் அந்தப் பற்கள் முதல் வரிசையில் இருப்பதற்கு இதுவே காரணம். 1982இல் கோரெலிக்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், கிளிப் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது இத்தகைய வெண்புள்ளி காணப்பட்டது. சுத்தம் சரியில்லை என்றால் நான்கே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி உருவாகிவிடும். ஒரு மாதாந்திர வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே உள்ள காலம்தான் அது!

பிள்ளைகளின் வயதும் இதில் ஒரு பாதகம். பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குள் கிளிப் போடுகிறார்கள். கோரைப்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் அப்போதுதான் முளைத்திருக்கும். இரண்டாவது கடைவாய்ப்பல் சுமார் 12 வயதில் எட்டிப் பார்க்கும். புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுமையாகக் கெட்டிப்பட, வாய்க்குள் வந்த பிறகும் சில காலம் எச்சிலில் ஊற வேண்டும். அது முடிவதற்குள் நாம் அதன்மேல் பிராக்கெட்டை ஒட்டிவிடுகிறோம்.

படி 1: கிளிப் போடுவதற்கு முன்பு

கிளிப் போடச் சொன்னதும் அடுத்த வாரமே போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். வளைந்த பல் இரண்டு மாதம் காத்திருக்கும். வாயிலிருக்கும் சொத்தை காத்திருக்காது. முதலில் எல்லாப் பற்களையும் பரிசோதித்து, பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தையைக் காண மருத்துவர் தேவையெனக் கருதினால் எக்ஸ்ரே எடுத்து, அடைக்க வேண்டியவற்றை அடைத்து, காரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். முதல் கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் சீலண்ட் என்ற பூச்சினால் அவற்றை மூடச் சொல்லலாம்.

பிறகு, உங்கள் பிள்ளைக்கு ஆபத்து எவ்வளவு என்று நேர்மையாக மதிப்பிடுங்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாகச் சொத்தை வந்திருக்கிறதா? ஏற்கெனவே எங்காவது வெண்புள்ளி இருக்கிறதா? துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? வாயைத் திறந்தபடி தூங்கும் பழக்கமோ, பகலிலும் வாயால் மூச்சு விடும் பழக்கமோ உண்டா? (பல் முன்தள்ளியிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இது உண்டு, மேல் முன்பற்கள் காய்ந்துபோகும்.) வலிப்புக்கோ இருமலுக்கோ இனிப்புச் சிரப்பைத் தொடர்ந்து குடிக்க வேண்டியிருக்கிறதா? ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் உண்டா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் அதற்காகக் கிளிப்பே கூடாது என்று பொருளில்லை. கீழே சொல்லப்படும் கூடுதல் பாதுகாப்புகளை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்று பொருள். இனிப்புச் சிரப்புக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்க்காத வகை கிடைக்குமா என்று குழந்தை மருத்துவரைக் கேட்கலாம். இன்ஹேலர் எடுத்த பிறகு தண்ணீரால் கொப்பளிக்கப் பழக்கலாம்.

கிளிப் இல்லாத வாயையே ஒழுங்காகத் துலக்காத பிள்ளை, கிளிப் போட்டதும் திருந்திவிடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே போடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களைப் பரீட்சைக் காலமாக வையுங்கள். ஈறில் ரத்தம் வருவது நின்று, படலம் குறைந்த பிறகு கிளிப் போடலாம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவரே இந்த நிபந்தனையை விதித்தால் அவரை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

முன்பற்களைக் கிட்டத்தில் தெளிவாகப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மிக முக்கியம். அந்தத் தண்ணீரால் வரும் வெண்திட்டுகள் பல் முளைக்கும்போதே இருப்பவை. இடதும் வலதும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாகவோ மேகம் போலவோ பரவியிருக்கும். கிளிப்பினால் வரும் வெண்புள்ளியோ ஈறின் ஓரத்தையும் பிராக்கெட்டின் விளிம்பையும் ஒட்டியே இருக்கும். முன்னதைப் பின்னது என்று நினைத்துக் குழம்பாமல் இருக்கப் பழைய படம் ஒன்று கையில் இருந்தால் போதும்.

படி 2: ஒட்டும் நாளில்

1955இல் மைக்கேல் புவனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், எனாமலை அமிலத்தால் லேசாகப் பதப்படுத்தினால் பிசின் அதில் உறுதியாக ஒட்டும் என்று கண்டறிந்தார். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டினார்கள். இப்போது பாண்ட் எனப்படும் அந்தப் பட்டை பெரும்பாலும் கடைவாய்ப்பற்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அன்றைய வேலை மருத்துவருடையது. பெற்றோர் செய்யக்கூடியது சில கேள்விகளைக் கேட்பதுதான். பிராக்கெட்டைச் சுற்றி வழியும் மிகைப் பிசின் முழுமையாக அகற்றப்பட்டதா என்று கேளுங்கள். சொரசொரப்பான அந்த ஓரத்தில்தான் படலம் முதலில் பிடிக்கும். பாண்ட் போட்டால் ஃபுளோரைடு வெளிவிடும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் ஒட்டுவார்களா என்றும் கேட்கலாம். வீட்டுக்குக் கிளம்புமுன், துலக்கும் முறையைப் பிள்ளையின் கையிலேயே பிரஷைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பினால் அது பையிலேயே கிடக்கும்.

படி 3: துலக்குவது

இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: மென்மையான இழைகள் கொண்ட சிறிய தலையுடைய பிரஷ் (நடுவில் பள்ளம் வைத்த ஆர்த்தோடான்டிக் பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது), கம்பிக்கு அடியில் நுழையும் சின்னஞ்சிறு கூம்பு பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட். இவற்றோடு ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் தேவை. குளியலறையில் மங்கலான விளக்கின் கீழ் துலக்கும் பிள்ளை பார்க்காமல்தான் துலக்குகிறது.

வேலையை மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஈறும் பல்லும் சேரும் கோட்டில், பிரஷை ஈறை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்த்து வைத்து, ஒவ்வொரு பல்லிலும் மெல்லச் சுழற்ற வேண்டும். மேற்பற்களில் இழைகள் மேல்நோக்கியும் கீழ்ப்பற்களில் கீழ்நோக்கியும் இருக்கும். என் மகள் தவறவிட்டது இந்தச் சுற்றைத்தான். பிராக்கெட் துருத்திக்கொண்டு நிற்பதால் பிரஷ் அதன்மேலேயே ஓடிவிடும். துலக்கிய உணர்வு இருக்கும், ஈறோரம் தொடப்பட்டிருக்காது. இரண்டாவது சுற்றில் பிரஷை எதிர்ப்பக்கம் சாய்த்து, பிராக்கெட்டின் மறு விளிம்பையும் பல்லின் கடிக்கும் ஓரத்தையும் துலக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் கூம்பு பிரஷைக் கம்பிக்கு அடியில் செங்குத்தாக நுழைத்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரு பக்கவாட்டிலும் நான்கைந்து முறை மேலும் கீழும் இழுக்க வேண்டும். பற்களின் உட்புறத்தையும் கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பையும் வழக்கம்போலத் துலக்கினால் போதும். தொடக்கத்தில் இவையெல்லாம் பத்து நிமிடம் பிடிக்கும். ஒரு மாதத்தில் ஐந்து நிமிடத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் எதையோ விட்டுவிட்டதாகப் பொருள்.

இரவுத் துலக்கலைத் தவறவிடவே கூடாது. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், பல்லில் எஞ்சியிருப்பதைக் கழுவ ஆளில்லாமல் எட்டு மணி நேரம் கழியும். காலை அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் முடித்தாலும், இரவில் முழுமையாகத் துலக்கியே ஆக வேண்டும். டியூஷனும் வீட்டுப்பாடமும் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பத்து மணிக்குத் துலக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ஒப்பேற்றத்தான் செய்யும். நாங்கள் இரவுச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்தில் துலக்க வைத்து, அதற்குமேல் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது என்று வைத்துக்கொண்டோம்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லி வேப்பங்குச்சியை நீட்டும் தாத்தா பாட்டிகள் இருக்கும் வீடுகளில் ஒரு விளக்கம் தேவைப்படும். குச்சி கம்பிக்கு அடியில் நுழையாது, பிராக்கெட்டையும் பெயர்த்துவிடக்கூடும். கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றையும் கிளிப் இருக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டும். அவை எனாமலைத் தேய்க்குமே ஒழிய ஈறோரப் படலத்தை எடுக்காது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அது துலக்குவதற்கு ஈடாகாது.

பற்களுக்கு நடுவே ஃபிளாஸ் நூலைக் கம்பிக்கு அடியில் கோத்து எடுப்பது நல்ல பழக்கம்தான். இருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தினமும் அதை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. தண்ணீரைப் பீய்ச்சும் கருவி வாங்க வசதியிருந்தால் அது உணவுத் துணுக்குகளை அகற்றும். ஒட்டிய படலத்தைப் பிரஷ்தான் எடுக்க வேண்டும்.

படி 4: ஃபுளோரைடு

இந்த வழிகாட்டியில் ஆய்வுகளின் ஆதரவு வலுவாக இருக்கும் பகுதி இதுதான். ஃபுளோரைடு இருக்கும்போது எனாமலில் மீண்டும் சேரும் தாதுக்கள் முன்பைவிட அமிலத்தைத் தாங்கும் வடிவத்தில் படிகின்றன; கரைவதற்கு பிஎச் இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

பேஸ்ட் உறையைத் திருப்பிப் படியுங்கள். இந்தியச் சட்டப்படி பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரை இருக்கலாம். மூலிகைப் பேஸ்ட் என்று விற்கப்படும் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. கிளிப் போட்ட பிள்ளைக்கு அது பொருந்தாது. பட்டாணி அளவு எடுத்தால் போதும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டுவிட வேண்டும். நம் ஊரில் இது எளிதில் வராத பழக்கம். மூன்று முறை கொப்பளித்துத் தொண்டையைக் கரகரத்துத் துப்பினால்தான் துலக்கிய நிறைவு நமக்கு. அப்படிச் செய்தால் பேஸ்டில் இருந்த ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடுகிறது. பிள்ளை அடம்பிடித்தால் ஒரே ஒரு வாய் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதற்கு மேல், 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு உள்ள வாய்க் கொப்பளிப்பு நீரை நாள்தோறும் ஒரு முறை பயன்படுத்த மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. துலக்கும் நேரத்திலேயே இதையும் செய்வதைவிட, பள்ளி விட்டு வந்ததும் மாலையில் செய்தால் பல்லுக்கு மூன்றாவது முறையாக ஃபுளோரைடு கிடைக்கும். விழுங்காமல் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே இது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷைப் பிராக்கெட்டைச் சுற்றிப் பூசுவார்கள். அதில் 22,600 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கிறது. மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசுவது வழக்கம். கிளிப் போட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை பூசிப் பார்த்து, புதிய வெண்புள்ளிகள் குறைந்ததைக் காட்டிய ஆய்வும் உண்டு. கம்பி மாற்றும் நாளில் கம்பியைக் கழற்றியதும் பூசினால் தனியாகப் போய்வரும் அலைச்சல் மிச்சம்.

ஃபுளோரைடு என்றாலே பற்களில் கறை விழும் என்று அஞ்சும் பெற்றோர் நம்மிடையே நிறைய உண்டு. தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதால் அந்த அச்சத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஃபுளோரோசிஸ் எனப்படும் அந்தக் கறை, எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் ஃபுளோரைடை விழுங்குவதால் வருவது. சிரிக்கும்போது தெரியும் பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் பேஸ்டைப் பூசித் துப்புவதால் அந்தக் கறை வராது.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈறு வீங்கியிருக்கும்போது மருத்துவர் ஓரிரு வாரத்துக்கு அதை எழுதித் தருவார். அதை மாதக்கணக்கில் நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

படி 5: சாப்பாடு

கிளிப் போட்ட பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டால் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் பிராக்கெட் பெயர்ந்துவிடும் என்ற அக்கறையில் எழுதப்பட்டவை: முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், பொரி உருண்டை, சோளக்கதிர், கரும்பு, ஐஸ் கட்டி. அவற்றைத் தவிர்க்கத்தான் வேண்டும். கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கலாம். ஆனால் சொத்தையின் கோணத்தில் பார்த்தால் பட்டியல் வேறு. முறுக்கு பிராக்கெட்டை உடைக்கும்; ஜவ்வு மிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் பல்லையே உடைக்கும்.

மேலே சொன்ன ஸ்டீபனின் அளவீட்டை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு பிள்ளை சாப்பாட்டோடு சேர்த்து ஒரு முழு லட்டைச் சாப்பிடுகிறது. இன்னொன்று அதே லட்டை நான்காகப் பிட்டு, மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மணிக்கு ஒரு துண்டாகச் சாப்பிடுகிறது. சர்க்கரை இருவருக்கும் ஒரே அளவுதான். முதல் பிள்ளையின் பற்கள் ஒரு முறை அமிலத்தில் நனைந்து மீள்கின்றன. இரண்டாவது பிள்ளையின் பற்கள் அன்று பிற்பகல் முழுவதும் மீளவே இல்லை. அதனால் அளவைக் குறைப்பதோடு வேளையைக் குறைப்பதும் முக்கியம். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் அதிகபட்சம் இரண்டு முறை சிற்றுண்டி என்று வகுத்துக்கொண்டு, இனிப்பு எதுவானாலும் சாப்பாட்டோடு முடித்துவிட வேண்டும்.

பானங்களில்தான் பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். 300 மில்லிலிட்டர் கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதோடு அந்தப் பானமே அமிலத்தன்மை கொண்டது. பெட்டியில் வரும் பழச்சாறு, குளுக்கோஸ் கலந்த தண்ணீர், விளையாட்டு வீரர்களுக்கான பானம், ரோஸ் மில்க் எல்லாம் அதே கணக்கில் சேர்பவைதான். விளையாட்டு மைதானத்துக்குப் போகும் பாட்டிலில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பாட்டிலிலிருந்து பிள்ளை இரண்டு மணி நேரம் மிடறு மிடறாகக் குடிக்கும். படுக்கப்போகும் முன் சர்க்கரையும் சத்துமாவும் கலந்த பாலைக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். அதை இரவுத் துலக்கலுக்கு முன்பு தள்ளிவைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்தும் தேன், பழச்சாறு போன்றவற்றிலுள்ள சர்க்கரையிலிருந்தும் வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது.

தேன், கருப்பட்டி, பேரீச்சை, வெல்லம் ஆகியவை உடலுக்கு நல்லவை என்ற பெயரால் தப்பித்துக்கொள்பவை. பாக்டீரியாவுக்கு அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் வேறுபாடு தெரியாது. உருளைக்கிழங்கு சிப்ஸும் இனிக்காவிட்டாலும் மாவுப் பசையாகிக் கம்பிக்கு அடியில் நெடுநேரம் தங்கும். மாலைச் சிற்றுண்டிக்கு அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல், இட்லி, வேகவைத்த முட்டை, பனீர், நறுக்கிய வெள்ளரி, சர்க்கரை சேர்க்காத மோர் எல்லாம் நல்ல தேர்வுகள். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துலக்க முடிந்தால் சிறப்பு. பெரும்பாலான பள்ளிகளில் அதற்கு இடமும் இருக்காது, கேலிக்கும் குறைவிருக்காது. தண்ணீரை வாய்நிறைய வைத்து, கன்னத்தை உப்பி, பற்களுக்கிடையே அலசித் துப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தீபாவளியும் பொங்கலும் வரும்போது முழுத்தடை போட்டுப் பயனில்லை. அந்த நாளில் பலகாரத்தைச் சாப்பாட்டோடு சாப்பிடட்டும். டப்பாவைத் திறந்து திறந்து மூடும் அடுத்த பத்து நாட்களைக் கட்டுப்படுத்துங்கள்.

படி 6: வாரத்துக்கு ஒரு முறை வீட்டுப் பரிசோதனை

படலம் பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கும் நிறமி மாத்திரையோ திரவமோ பல் மருத்துவரிடம் கேட்டால் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு பிள்ளை துலக்கி முடித்த பிறகு அதை மென்று கொப்பளிக்கச் சொல்லுங்கள். இளையவனுக்கு முதல் முறை அப்படிச் செய்தபோது, "நல்லா துலக்கிட்டேன்பா" என்று சொல்லி முடித்த வாயில் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் மேலே இளஞ்சிவப்பாக ஒரு பிறை தெரிந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தவன் பேசாமல் பிரஷை மறுபடியும் எடுத்தான். அதுவரை நான் சொன்ன நூறு அறிவுரைகளுக்கு அந்தப் பலன் கிடைத்ததில்லை. மாத்திரை கிடைக்காத ஊரில், துலக்கிய பிறகு ஈறோரத்தைப் பல்குத்தும் குச்சியால் மிக மெதுவாக வருடிப் பாருங்கள். வெண்ணெய் போல ஏதாவது ஒட்டி வந்தால் அதுதான் படலம்.

இதோடு கைபேசி விளக்கைப் பிடித்து உதட்டைத் தூக்கி மூன்றைக் கவனியுங்கள். ஈறு சிவந்து, தடித்து, பிராக்கெட்டை நோக்கி இறங்கியிருக்கிறதா? அப்படி வீங்கிய ஈறு துலக்க வேண்டிய இடத்தையே மூடிவிடும். பல்லைப் பஞ்சால் துடைத்துச் சில விநாடி காயவிட்டால் பளபளப்பு இழந்த வெள்ளைத் திட்டு தெரிகிறதா? ஈரத்தில் மறைந்திருக்கும் தொடக்க நிலை வெண்புள்ளி காய்ந்தால்தான் வெளிப்படும். பிராக்கெட்டோ பாண்டோ ஆடுகிறதா? சிமென்ட் கரைந்துபோன பாண்டுக்குள் எச்சிலும் உணவும் புகுந்து வெளியே தெரியாமல் சொத்தை வளரும். பாண்டை விரலால் அழுத்தும்போது ஓரத்தில் எச்சில் குமிழ்விட்டாலோ, அந்தப் பக்கம் ஒரு கெட்ட சுவை வருகிறது என்று பிள்ளை சொன்னாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

கடைசிக் கடைவாய்ப்பல்லையும் மறக்காதீர்கள். சிகிச்சையின் நடுவே முளைக்கும் அந்த இரண்டாவது கடைவாய்ப்பல்லில் கிளிப் இருக்காது என்பதால் எவரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பாதி முளைத்த நிலையிலேயே சொத்தை விழுந்துவிடும்.

படி 7: மாதாந்திர வருகைகள்

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போகும் வருகையில் கம்பியை இறுக்குவது மட்டும் நடந்தால் போதாது. கம்பியைக் கழற்றிய நிலையில் பற்களைச் சுத்தம் செய்து, காயவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்; கேட்பதில் தவறில்லை. கிளிப் போடுபவர் சீரமைப்பு நிபுணராகவும், சொத்தையைக் கவனிப்பவர் குடும்பப் பல் மருத்துவராகவும் இருக்கும்போது, இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடும் அபாயம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆபத்து அதிகமென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குடும்பப் பல் மருத்துவரிடமும் தனியாகக் காட்டுங்கள்.

உடைந்த பிராக்கெட்டை உடனே ஒட்டச் செய்யுங்கள். ஒவ்வொரு உடைப்பும் சிகிச்சையை நீட்டிக்கும். கிளிப் எவ்வளவு நாள் வாயில் இருக்கிறதோ அவ்வளவு நாளும் ஆபத்து தொடர்கிறது.

படி 8: வெண்புள்ளி தெரிந்துவிட்டால்

பதற வேண்டாம். வெண்புள்ளி என்பது பள்ளம் விழாத சொத்தை. இந்த நிலையில் அதைத் தடுத்து நிறுத்த முடியும். சிராய்த்தோ துளைத்தோ அடைக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் படலம் சேராமல் பார்த்துக்கொண்டு, ஃபுளோரைடைக் கூட்டி, இனிப்பு வேளைகளைக் குறைத்தால் சில வாரங்களில் மங்கிய வெள்ளை மெல்லப் பளபளப்பாகும். அது நல்ல அறிகுறி. பால் புரதத்திலிருந்து எடுக்கப்பட்ட கால்சியம் பாஸ்பேட் களிம்பையும் மருத்துவர் தரக்கூடும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் புதிய புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால், மருத்துவர் கம்பியைக் கொஞ்ச காலத்துக்குக் கழற்றி வைக்கலாம். சிகிச்சையைப் பாதியில் முடித்து முழுவதையும் அகற்றவும் பரிந்துரைக்கலாம். கட்டிய பணத்தை நினைத்துப் பெற்றோர் மறுப்பதுண்டு. சற்று வளைந்த நல்ல பல்லைவிட நேராக நிற்கும் சொத்தைப் பல் எந்த விதத்திலும் மேலானதல்ல, ஆகவே அந்தப் பரிந்துரையைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கழற்றி மாட்டும் அலைனர் என்றால்

வெளியே தெரியாத பிளாஸ்டிக் அலைனரில் துலக்குவது எளிது, சொத்தை ஆபத்தும் குறைவு. ஆனால் நாளில் 20 முதல் 22 மணி நேரம் அது பல்லை மூடியிருப்பதால் எச்சில் உள்ளே போகாது. அதை மாட்டிக்கொண்டே ஜூஸ் குடித்தால் சர்க்கரையைத் தொட்டியில் தேக்கிப் பல்லை அதில் ஊறவைத்தது போலாகும். அலைனர் வாயில் இருக்கும்போது தண்ணீர் மட்டுமே குடிக்க வேண்டும். சாப்பிட்ட பின் துலக்காமல் திரும்ப மாட்டக் கூடாது.

படி 9: கழற்றிய பிறகு

வெண்புள்ளி மிஞ்சியிருந்தால் உடனே அதை மறைக்க அவசரப்படாதீர்கள். படலம் சேரும் காரணம் நீங்கியதால் முதல் சில மாதங்களில் எச்சிலே கணிசமான பகுதியைச் சீராக்கும். அடர்த்தி மிகுந்த ஃபுளோரைடை அந்த நேரத்தில் நேரடியாகப் புள்ளியின் மேல் பூசினால் மேற்பரப்பு மட்டும் விரைவாக மூடிக்கொண்டு, உள்ளே வெள்ளை அப்படியே நின்றுவிடக்கூடும் என்பதால், சாதாரணப் பேஸ்டோடு பொறுத்திருக்கவே மருத்துவர்கள் சொல்வார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் உறுத்தலாகத் தெரிந்தால், நீர்போன்ற பிசினைப் புள்ளிக்குள் ஊடுருவச் செய்து வெண்மையை மறைக்கும் முறை இருக்கிறது. அதில் பல்லைத் துளைப்பதில்லை. என் மகளுக்கு மூன்று பற்களில் வளையம் நன்றாகவே மங்கிவிட்டது. நான்காவதில் இன்னும் இருக்கிறது, வெயிலில் சிரிக்கும்போது தெரியும்.

பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ரிட்டெய்னர் கொடுப்பார்கள். கழற்றி மாட்டும் வகையை மென்மையான பிரஷாலும் சோப்பு நீராலும் கழுவிய பிறகே வாயில் வைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் அதன் வடிவம் கெட்டுவிடும். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் நிரந்தரமாக ஒட்டிய கம்பி என்றால் அங்கே சொத்தையைவிடக் காரையே அதிகம் சேரும் என்பதால், கூம்பு பிரஷைத் தூக்கி எறியாமல் அந்த ஒரு இடத்துக்காக வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காரையை எடுக்கச் செய்யுங்கள்.